பிச்சியா, மல்லியா? குமரிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம், வாக்கப்பட்டது ஆரல்வாய்மொழியில். ஒரே மாவட்டத்தின் இரண்டு ஓரங்கள். இரண்டு வீட்டு முற்றத்திலும் பிச்சியும் மல்லியும் வளர்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் பூ கட்ட உட்கார்ந்தாலும், பஸ்ஸில் பக்கத்தில் யாராவது இருந்தாலும், திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

பிச்சியும் மல்லியும் ஒரே செடிதானே? பேருதான் ரெண்டா?

ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடிகள். பூ இல்லாத காலத்திலும் இலையை வைத்தே சொல்லிவிடலாம். மல்லிக்கு, அதாவது குண்டுமல்லிக்கு, ஒரு காம்பில் ஒரே இலை, அகலமாக, பளபளப்பாக இருக்கும். பிச்சிக்கு ஒரு காம்பில் ஏழு, ஒன்பது என்று சின்னச் சின்ன இலைகள் எதிரெதிராக அடுக்கி நிற்கும், கறிவேப்பிலையைப் போல. மல்லி மொட்டு குண்டாக, வெள்ளை வெளேரென்று இருக்கும். பிச்சி மொட்டு ஒல்லியாக, நீண்ட காம்போடு, வெளிப்புறம் இளஞ்சிவப்பு பூசியதுபோல் இருக்கும். விரிந்தால் ஐந்து இதழ்.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பிச்சியை ஜாதிமல்லி என்பார்கள். அங்கிருந்து வந்த மருமகள்கள் "ஜாதிமல்லி வேணும்" என்று கேட்பதும், நம் ஊர்க்காரர்கள் "அது இங்கே கிடையாது" என்பதும் நான் பலமுறை பார்த்தது. இரண்டு பேரும் ஒரே பூவைத்தான் சொல்கிறார்கள்.

களியக்காவிளை தாண்டி நர்சரியில முல்லைன்னு கேட்டேன், மல்லிய எடுத்துத் தந்துட்டாங்க. ஏமாத்திட்டாங்களாக்கா?

ஏமாற்றவில்லை. கேரளத்தில் குண்டுமல்லிச் செடியைக் குற்றிமுல்லை என்பார்கள், சுருக்கமாக முல்லை. நாம் முல்லை என்பது மெல்லிய கூர் மொட்டு வைக்கும் இன்னொரு செடி. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வாங்கப் போனால் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல் இலையைப் பார்த்து வாங்குங்கள். பிச்சிக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. அங்கேயும் பிச்சிதான், இங்கேயும் பிச்சிதான்.

ஒண்ணு வைக்கத்தான் இடம் இருக்கு. எங்க வீட்டுக்கு எது சரிப்படும்?

நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்க வீடு மலைக்கு எந்தப் பக்கம்?" என்றுதான். குமரி மாவட்டத்தை ஒரே ஊராக நினைத்துப் பூச்செடி வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவத்தில்) ஒரு மழை, துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஒன்று என்று வருஷத்தில் பாதி நாள் மண் ஈரம் காய்வதில்லை. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இடவப்பாதி மழை சாரலோடு நின்றுவிடும். அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுதான் பேயாக வீசும். முப்பந்தல் காற்றாலைகளை ஓட்டுகிற காற்று அது.

மல்லிக்கு வெயிலும் வறட்சியும் வேண்டும். கொஞ்ச நாள் காயப்போட்டு, பிறகு தண்ணீர் காட்டினால்தான் குலுங்கும். மதுரையும் ராமநாதபுரமும் மல்லிக்குப் பேர்போனதற்கு அந்தக் காய்ந்த வானிலை ஒரு பெரிய காரணம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிச்சி ஈரப்பதத்தை மல்லியைவிட நன்றாகத் தாங்கும், மழை விட்டு விட்டுப் பெய்யும் மாதங்களிலும் பூத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் தேங்கினால் மட்டும் இரண்டுமே அழுகும்.

அதனால் மேற்கே, ரப்பரும் பலாவும் சூழ்ந்த வீடு என்றால் பிச்சி வையுங்கள். கிழக்கே, திறந்த வெயில் முற்றம் என்றால் மல்லி. கிழக்கே தண்ணீர் வசதியும் இருந்தால் பிச்சியும் அருமையாக வரும், தோவாளைப் பூச்சந்தைக்கு வரும் பிச்சிக் கூடைகளே அதற்குச் சாட்சி. இடையில் தக்கலை, நாகர்கோவில் பக்கம் இருப்பவர்கள் இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். பிச்சிக்குப் படர இடம் வேண்டும், மல்லி ஒரு மூலையில் அடங்கி நிற்கும்.

தென்னைக்கு அடியில வைக்கலாமா?

வேண்டாம். இரண்டுக்கும் தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் தேவை. பிச்சி கொடிபோல் நீண்டு வெயிலைத் தேடிப் போய்விடும், அதனால் அடியில் கொஞ்சம் நிழல் இருந்தாலும் தலை வெயிலில் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். மல்லிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மொட்டைமாடியில தொட்டியில வருமா?

மல்லி நன்றாக வரும். வாய் பதினாலு, பதினாறு அங்குலம் உள்ள தொட்டி அல்லது பை போதும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணி உரம் ஒரு பங்கு, மணலும் தேங்காய் நாரும் கலந்து ஒரு பங்கு. அடித் துளை அடைபடாமல் உடைந்த ஓட்டுத் துண்டு போடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செடியை வெளியே எடுத்து, சுற்றிப் பின்னிய வேரைக் கொஞ்சம் நறுக்கி, புது மண்ணில் வைக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் மூன்றாம் வருஷம் "தொட்டிச் செடி பூக்கவே இல்லை" என்ற புலம்பல் வருகிறது.

பிச்சியைத் தொட்டியில் வைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. பழைய டிரம்மைப் பாதியாக வெட்டி வைத்தால் உயிரோடு இருக்கும், பத்துப் பூ தரும். தரையில் வைத்த பிச்சியைப் பார்த்தவர்களுக்கு அது போதாது.

எப்ப நடணும், எவ்வளவு ஆழம்?

ஆனி முதல் கார்த்திகை வரை நடலாம். மேற்கே இருப்பவர்கள் இடவப்பாதியின் முதல் பெருமழை அடங்கட்டும் என்று காத்திருந்து ஆடி, ஆவணியில் நடுவது நல்லது. புதுக் குழியில் தண்ணீர் நின்றால் கன்று ஒரே வாரத்தில் போய்விடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி இருக்கும்படி குழி வெட்டி, பத்து நாள் ஆறப்போட்டு, மக்கிய சாணியும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் மேல் மண்ணோடு கலந்து நிரப்புங்கள். செடி நிற்கும் இடம் சுற்றுத் தரையைவிட அரை அடி உயரமாக இருக்கட்டும். நம் சரள் மண்ணில் இந்த மேடு கட்டுவது மிக முக்கியம்.

செடிக்குச் செடி இடைவெளி மல்லிக்கு நாலடி, பிச்சிக்கு ஆறடி. சிறு கன்றாக இருக்கும்போது ஆறடி என்பது வீணாகத் தெரியும். இரண்டு வருஷம் பொறுங்கள்.

தினமும் தண்ணி ஊத்தணுமா?

தரையில் வேர் பிடித்த செடிக்குத் தினமும் வேண்டாம். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். பூக்கும் காலத்தில் மல்லிக்கு வாரம் இரண்டு முறை நன்றாக நனைய ஊற்றினால் போதும். பிச்சிக்குக் கொஞ்சம் கூட. ஆரல்வாய்மொழிக் காற்றுக் காலத்தில் மண் கண்முன்னே காயும். அப்போது தேங்காய்க் கதம்பையை (உரித்த மட்டையை) கவிழ்த்துச் செடியைச் சுற்றி அடுக்கிவிடுங்கள், ஈரம் நிற்கும். ஆனால் தண்டை ஒட்டி வைக்கக் கூடாது, ஒரு சாண் விட்டு வையுங்கள். மழைக்காலத்தில் அந்தக் கதம்பையை எடுத்துவிட வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் இலை ஓரம் கருகும், இரண்டு செடியும் தாங்காது.

என்ன உரம் போடுவீங்க? ரெண்டுக்கும் ஒண்ணுதானா?

அளவு வேறு. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி மல்லிக்கு ஒரு செடிக்கு ஒரு வருஷத்துக்குப் பத்துக் கிலோ தொழுவுரம், தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல் சத்து 120. பிச்சிக்கு அதே தொழுவுரத்தோடு 100, 150, 100. இதை இரண்டாகப் பிரித்து, கொம்புகளை வெட்டிவிட்டதும் ஒரு பாதி, ஆனி, ஆடியில் மறு பாதி. மல்லியின் அளவைக் கடைச் சரக்காக மாற்றினால் வருஷத்துக்கு யூரியா சுமார் 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் வரும். இது தரையில் நன்கு வளர்ந்த செடிக்கான கணக்கு. தொட்டிக்கு இதைப் போட்டால் செடி வெந்துவிடும்.

என் வீட்டில் ரசாயன உரம் போடுவதில்லை. மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் விட்டு ஊற்றுகிறேன். வெட்டிய பிறகு எலும்புத் தூளும் அடுப்புச் சாம்பலும் சேர்க்கிறேன். சந்தைக்குப் பூ எடுக்கிறவர்களுக்கு இது காணாது, தலையில் வைக்கவும் சாமிக்குப் போடவும் தாராளம்.

மல்லிய எப்ப வெட்டணும்? எல்லாரும் நவம்பர் கடைசிங்காங்க. நான் அப்படி வெட்டி கொம்பெல்லாம் காஞ்சு போச்சு.

எனக்கும் அதே நடந்தது. மார்த்தாண்டம் வீட்டில் கார்த்திகை நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக வெட்டிவிட்டேன். அடுத்த நாலு நாள் மழை. வெட்டுவாயிலிருந்து கருப்பு இறங்கி, பாதிக் கொம்புகள் அடிவரை காய்ந்தன. அம்மா நட்ட செடி அது. மறு தளிர் வரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை.

நவம்பர் கடைசி வாரம் என்ற கணக்கு தவறில்லை. மழை அதற்குள் ஓய்ந்துவிடும் ஊர்களுக்கு அது சரி. நமக்குத் துலாமழை கார்த்திகை வரையிலும், சில வருஷம் மார்கழி வரையிலும் நீளும். அதனால் தேதியைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள். மழை விட்டு ஒரு வாரம் மண் காயட்டும். அதன்பின் இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்துங்கள். இலைகள் சற்று மங்கிச் சோர்ந்ததும், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், அதாவது முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். காய்ந்த கொம்பு, ஒன்றோடொன்று உரசும் கொம்பு, பென்சிலைவிட மெலிந்த கொம்பு எல்லாம் போகட்டும். மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும், நசுங்கிய வெட்டில்தான் அழுகல் ஏறும். பிறகு மண்ணைக் கொத்தி, உரம் வைத்து, தண்ணீர் விடுங்கள். மூன்று மாதத்துக்குள் மொட்டு வரும். பங்குனியும் சித்திரையும் மல்லியின் மாதங்கள்.

கிழக்கே இருப்பவர்களுக்கு இந்த நாள் பத்துப் பதினைந்து நாள் முன்னே விழலாம். ஒரே வருஷம் ஆரல்வாய்மொழியில் ஒரு மல்லியும் மார்த்தாண்டத்தில் ஒரு மல்லியும் வெட்டும்போது எனக்கு மூன்று வாரம் வித்தியாசம் வந்திருக்கிறது.

பிச்சியையும் அப்படி மொட்டையா வெட்டலாமா? கை வர மாட்டேங்கு.

வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். பொதுக் கணக்கில் மார்கழி நடுவில், மல்லியின் நவம்பர் கடைசிக்கு ஒரு மாதம் பின்னால், அதே முழங்கால் உயரம். முன்னால் தண்ணீர் நிறுத்துவதும் பின்னால் உரம் வைப்பதும் மேலே சொன்னபடிதான். புதுத் தளிரின் நுனியில்தான் இரண்டு செடியும் மொட்டு வைக்கும். பழைய கொடியை வைத்துக்கொண்டிருந்தால் பூவெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கும், அடி வெறுமையாகிவிடும்.

பந்தலில் ஏற்றிய பிச்சி என்றால் முழங்கால் உயரத்துக்கு இறக்க வேண்டியதில்லை. முக்கியத் தண்டுகள் நாலைந்தை விட்டு, பக்கக் கொடிகளைத் தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு நறுக்குங்கள்.

செடி தழைச்சு காடு மாதிரி நிக்கு, ஒரு மொட்டு கெடையாது. என்ன செய்ய?

மல்லியில்தான் இது அதிகம். மூன்று காரணங்கள். நிழல், வெட்டாமல் விட்டது, தழைச்சத்து மிஞ்சியது. முதல் இரண்டும் மேலே சொன்னவை. மூன்றாவதுக்கு, சாணித் தண்ணீரும் யூரியாவும் இரண்டு மாதம் நிறுத்திவிட்டு, சாம்பலும் எலும்புத் தூளும் மட்டும் கொடுங்கள், தண்ணீரையும் குறையுங்கள். மேற்குப் பக்கத்துச் சரள் மண் புளிப்பானது. வருஷம் ஒருமுறை ஒரு கைப்பிடி நீற்றிய சுண்ணாம்பைச் செடியைச் சுற்றித் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து உரம் வைத்தால் அந்த உரம் வேருக்குப் போய்ச் சேரும்.

ஐப்பசியில் வந்து "மல்லி பூக்கலை" என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன். அது மல்லி ஓய்கிற காலம். அப்போது பூ வேண்டுமென்றால் பிச்சிதான். ஆவணியில் ஓணத்துக்காகக் கேரளத்துக்கு லாரி லாரியாகத் தோவாளையிலிருந்து பூ போகிறபோது, வீட்டுப் பிச்சியும் நிறைந்து நிற்கும்.

மொட்டு ஊதா நிறமா ஆகி உதிருது. பிச்சிக்கும் அதே நோயா?

முதலில் எந்தச் செடி என்று பாருங்கள். பிச்சி மொட்டின் இளஞ்சிவப்பு அதன் பிறவி நிறம், பயப்பட வேண்டாம். குண்டுமல்லி மொட்டு ஊதாவாகி, அடிப்பக்கம் வீங்கி, விரியாமல் உதிர்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. ஈ மொட்டில் முட்டையிட, புழு உள்ளே அடியில் இருந்து தின்னும். பிறகு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அதனால் உதிர்ந்த மொட்டைக் கூட்டி அள்ளி எரித்துவிட வேண்டும், எருக்குழியில் போடக் கூடாது. செடி அடி மண்ணை லேசாகக் கொத்தி வெயில் காட்டி, வேப்பம் பிண்ணாக்குத் தூவுங்கள்.

மொட்டில் ஓட்டை இருந்து, பக்கத்து மொட்டுகளும் நூலால் கட்டினதுபோல் ஒட்டியிருந்தால் அது மொட்டுப்புழு. இது பிச்சியையும் விடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலம் மொட்டு நனையத் தெளியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். தலையில் வைத்து முகர்கிற பூவுக்கு இதைவிடக் கடுமையான மருந்து வீட்டில் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இலை மஞ்சளாகுது. இரும்புச் சத்துக் குறைவுன்னு கடையில சொன்னாங்க.

இருக்கலாம், ஆனால் எல்லா மஞ்சளும் அது கிடையாது. இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவே வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி (இரும்பு சல்பேட்) ஐந்து கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்தால் தேறும், மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும்வரை. கிழக்கே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இதைப் பார்ப்பேன்.

அடி இலை மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்துப் போதவில்லை. மேலும் கீழும் சேர்ந்து மஞ்சளாகிச் செடி வாடினால், மண்ணைத் தோண்டி வேரைப் பாருங்கள். கறுத்து, அழுகல் வாடை அடித்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மேற்கே பத்தில் எட்டுச் செடிக்கு நான் பார்ப்பது இதுதான். அதற்கு அன்னபேதி ஊற்றிப் பலன் இல்லை, முதலில் வாய்க்கால் வெட்டுங்கள்.

ரெண்டையும் ஒரே பந்தல்ல ஏத்தலாமா?

குண்டுமல்லி பந்தல் செடியே இல்லை, புதர். பிச்சி அதன் மேல் படர்ந்து நிழலாக்கிவிடும். பந்தல் பிச்சிக்கு, மல்லி அதற்குத் தெற்கே ஐந்தாறு அடி தள்ளி வெயிலில்.

அம்மா வீட்டுப் பிச்சியில இருந்தே கன்னு எடுக்கணும். கொம்பு நட்டா வருமா?

மல்லிக் கொம்பு எளிதாக வரும். முற்றாத, இளசும் இல்லாத கொம்பில் ஒரு சாண் நீளம் எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மழைக்காலத்தில் நட்டால் போதும். பிச்சிக் கொம்பு பாதி பொய்க்கும். அதற்குப் பதியம் போடுங்கள். தரையோடு கிடக்கும் கொடியை வளைத்து, ஒரு கணுவுக்கு அடியில் சாய்வாக லேசாகக் கீறி, ஒரு சாண் நீளம் மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்து, நுனியை வெளியே விடுங்கள். மூன்று, நாலு மாதத்தில் வேர் பிடிக்கும். உடனே வெட்டி எடுத்துவிடாமல், தாய்க்கொடிப் பக்கம் பாதி மட்டும் வெட்டி, ஒரு வாரம் கழித்து மீதியை வெட்டினால் கன்று திடுக்கிடாது.

இன்று என் ஆரல்வாய்மொழி முற்றத்தில் நிற்கிற பிச்சி, மார்த்தாண்டம் கொடியின் பதியம்தான்.

எப்ப பறிச்சா வாசம் நிக்கும்?

இரண்டும் சாயங்காலத்துக்கு மேல்தான் விரியும். அன்று விரியப்போகிற மொட்டை அதிகாலையில், வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். மல்லி மொட்டு பச்சை மாறி முழு வெள்ளையாக, குண்டாக இருக்கும். பிச்சி மொட்டு நீண்டு, பறித்தால் எளிதில் கையோடு வரும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து, மத்தியானத்துக்கு மேல் கட்டலாம். பிச்சி இதழ் மெலிசு, மல்லியைவிடச் சீக்கிரம் வாடும். ஆனால் வாடின பின்னும் வாசம் விடாது. வாசனைத் தைலத்துக்கு எடுப்பவர்கள் மட்டும் பிச்சியை விரிந்த பூவாகவே விடியற்காலையில் பறிப்பார்கள்.

எங்க மல்லிக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. பிடுங்கிட்டுப் புதுசு வைக்கவா?

பூ எடுத்து விற்கிறவர்கள் பன்னிரண்டு, பதினைந்து வருஷத்தில் மாற்றிவிடுவார்கள். வீட்டுச் செடிக்கு அந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம். இந்த வருஷம் வெட்டும்போது மிகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒன்றை மட்டும் தரையை ஒட்டி எடுங்கள். அடியிலிருந்து புதுக் குருத்து வந்தால் அடுத்த வருஷம் இன்னொரு பங்கு, அதற்கடுத்து மீதி. மூன்றாம் வருஷம் செடி முழுக்க இளந்தண்டாக இருக்கும். குருத்தே வரவில்லையென்றால், கன்று எடுக்கும் கேள்வியில் சொன்னபடி இரண்டு மூன்று கொம்பு நட்டு வேர் பிடித்த பிறகு பழையதை எடுங்கள். எடுத்த குழியிலேயே புதுக் கன்றை வைக்காதீர்கள். நாலடி தள்ளி வையுங்கள், பழைய வேரில் இருந்த நூற்புழு அந்த மண்ணில் இருக்கும்.